ஸ்பர்ஸ் (டோட்டன்ஹாம்) 2024-25: 17ஆம் இடம், கையில் கோப்பை. கோச் போஸ்டகோக்லு இருக்கணுமா, போகணுமா?

சேவற்கொடியோன்
26 மே 2025, காலை

நேற்று பிரைட்டனிடம் நம்ம மைதானத்திலேயே 1-4. சொலாங்கி பெனால்டியில் முன்னிலை எடுத்துவிட்டு, அப்புறம் நாலு வாங்கிக்கொண்டோம். அதோடு சீசன் முடிந்தது: 11 வெற்றி, 5 டிரா, 22 தோல்வி, 38 புள்ளி, 17ஆம் இடம். பிரீமியர் லீக் வந்த பிறகு நாம் இவ்வளவு கீழே முடித்ததே இல்லை. லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்தாம்ப்டன் 12 என்று மூன்று பேர் நமக்கும் கீழே கிடந்ததால்தான் டிவிஷன் இறங்காமல் தப்பித்தோம்.

அதற்கு நாலு நாள் முன்னால், மே 21, பில்பாவோ. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 ஜெயித்து யூரோப்பா லீக். 2008 லீக் கப்புக்குப் பிறகு முதல் கோப்பை. ஐரோப்பியக் கோப்பை என்றால் 1984க்குப் பிறகு இதுதான். இதை ஜெயித்ததால் அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக் ஆடுகிறோம். செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற அன்று, இரண்டாவது வருஷம் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று ஆஞ்சி போஸ்டகோக்லு சொன்னபோது சிரிக்காதவர் கை தூக்குங்கள்.

ஊர்வலப் படங்கள் எல்லாம் பார்த்தாச்சு. இப்போது நிதானமாகப் பேசலாமா? லீக்கில் நடந்தது காயங்களாலா, ஆட்டமுறையாலா? அவர் இருந்தால் என்ன மாறணும், போனால் ஏன் போகணும்? "ஆஞ்சி இன்", "ஆஞ்சி அவுட்" என்று ஒற்றை வரி போடுபவர்களுக்கு வேறு திரி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
26 மே, காலை

22 தோல்வியையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 15 தோல்வி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். நியூகாசில் இரண்டு தடவையும் 1-2, ஆர்சனல் 0-1, 1-2, பிரைட்டன் 2-3, பேலஸ் 0-1, இப்ஸ்விச் 1-2, போர்ன்மவுத் 0-1, செல்சி 3-4, 0-1, ஃபாரஸ்ட் 0-1, 1-2, எவர்ட்டன் 2-3, லெஸ்டர் 1-2, மான்செஸ்டர் சிட்டி 0-1.

உடனே "ராசியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். 11 வெற்றியில் ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தது ஒன்றே ஒன்று: பிப்ரவரி 16, யுனைடெட் 1-0, மேடிசன் கோல். மற்ற பத்தும் இரண்டு கோல் அல்லது அதற்கு மேல். யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 3-0, சிட்டியின் எதிஹாடில் 4-0, சவுத்தாம்ப்டனில் 5-0 எல்லாம் அந்தப் பத்தில் வரும்.

ஆக நெருக்கமாக முடிந்த 21 மேட்சில் 1 வெற்றி, 5 டிரா, 15 தோல்வி. 63 புள்ளிக்கு 8. நெருக்கமில்லாத 17 மேட்சில் 10 வெற்றி, 7 தோல்வி, 30 புள்ளி. எனக்குத் தெரிந்து இந்த சீசனின் முழுக் கதையும் இந்த இரண்டு வரிதான்.

அடித்த கோல் 64, வாங்கியது 65. நாலாம் இடம் வந்த செல்சியும் 64தான் அடித்தது. அவர்கள் வாங்கியது 43. நம் 64இல் 37 கோல் அந்த 11 வெற்றிக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. தேவைப்பட்ட இடத்தில் தூறல், தேவைப்படாத இடத்தில் அடைமழை.

முன்னிலையில் இருந்து தோற்றவை என்று பார்த்தால் உடனே ஏழு சொல்வேன்: பிரைட்டனில் 2-0, செல்சியோடு 2-0, நியூகாசில், ஆர்சனல் (அவர்கள் மைதானத்தில்), லெஸ்டர், லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 1-5, நேற்று. பிரைட்டனில் 48, 58, 66ஆம் நிமிடங்களில் மூன்று கோல். 18 நிமிடத்தில் மேட்ச் கைமாறியது. லெஸ்டர் இடைவேளை முடிந்து 46, 50. இதற்கு ராசியைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கோல் வாங்கியதும் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கத் தெரியாத அணி.

பொடியன்_N17
26 மே, மதியம்

கணக்குப்பிள்ளையின்ர கணக்கு சரி. ஆனா காயத்தை ஒதுக்கிப்போட்டு அந்தக் கணக்கை வாசிக்க ஏலாது. டிசம்பர் 8 செல்சி மட்சையே எடுங்கோ. 5ஆம், 11ஆம் நிமிசத்தில கோல், 2-0. 15ஆம் நிமிசம் ரொமேரோ காயத்தோட வெளிய போறார். 17ஆம் நிமிசம் செல்சியின்ர சான்ச்சோ அடிக்கிறார். வான் டி வென் ஒக்டோபர் கடைசியில ஹாம்ஸ்ட்ரிங் போய், அண்டைக்குத்தான் திரும்பி வந்தவர். அவரும் அந்த மட்ச் முடிய முதலே போனார். ஒரே நாளில ரெண்டு சென்டர்பேக்கும் (நடுத் தடுப்பு ஆட்கள்) போனால் எந்த அணி தாங்கும்?

அதுக்கு முதலே கோல் கீப்பர் விகாரியோ எதிஹாடில கணுக்கால் எலும்பு உடைஞ்சபடி அந்த 4-0 மட்சை ஆடி முடிச்சு, பிறகு சத்திரசிகிச்சை. பிப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் இல்லை. இன்னொரு சென்டர்பேக் ட்ரகுசின் ஜனவரி 30 யூரோப்பாவில எல்ஃப்ஸ்போர்க் மட்சில முழங்கால் தசைநார் அறுந்து சீசனே முடிஞ்சுது. லீட்ஸில இருந்து மிட்ஃபீல்டர் எண்டு வாங்கின 18 வயசு ஆர்ச்சி கிரே வாரக்கணக்கா சென்டர்பேக். அந்தப் பொடியனைக் குறை சொல்ல மனம் வராது.

இது ஏன் வட்டமாச் சுத்தினது எண்டதுதான் முக்கியம். இந்த ஆட்டமுறையில பந்து பறிபோன உடனே முன்னுக்கு மூண்டு நாலு பேர் பாய்ஞ்சு அமுக்க வேணும். அந்த அமுக்கத்தைத் தாண்டி ஒரு பந்து வந்தால், மைய வட்டத்துக்குக் கிட்ட நிக்கிற ரெண்டு சென்டர்பேக்கும் திரும்பி முப்பது நாப்பது மீற்றர் முழு வேகத்தில ஓட வேணும். தொடைப் பின்தசை கிழியிறது அப்பிடியான ஓட்டத்திலதான், அதுவும் களைச்ச காலில. அந்தத் தசை தேற ரெண்டு மூண்டு நாள் வேணும். நாங்கள் ஆடினது மொத்தம் 60 மட்ச்: லீக் 38, யூரோப்பா 15, லீக் கப் 5, எஃப்ஏ கப் 2. டாம்வொர்த் எண்ட சின்ன அணியோட கூட மேலதிக நேரம் போய்த்தான் 3-0 வெண்டனாங்கள். நாலு பேர் காயம் எண்டால் மிச்ச 13 பேர் மூண்டு நாளுக்கு ஒருக்கா ஆடுகினம், அவையளும் களைச்சு விழுகினம், பட்டியல் நீளுது.

அதாலதான் பிப்ரவரியைப் பாருங்கோ எண்டு சொல்லுறன். யூரோப்பா லீக் கட்டத்தில நாலாம் இடம் வந்தபடியா பிளேஓஃப் சுற்று ஆடத் தேவையில்லாமல் போச்சு. பிப்ரவரி 9 வில்லாவிட்ட எஃப்ஏ கப் தோல்விக்குப் பிறகு மார்ச் 6 வரைக்கும் லீக் மட்ச் மட்டும்தான். விகாரியோ, உடோகி, மேடிசன் திரும்பி வந்திச்சினம். யுனைடெட் 1-0, இப்ஸ்விச்சில 4-1. ஒரு கிழமை முழுசாப் பயிற்சி கிடைச்சால் இந்த அணி வேற அணி.

ஹைலைன்_ஆறுமுகம்
26 மே, மாலை

பொடியன் அண்ணே, நீங்க சொன்ன ஓட்டக் கணக்குலயே பதில் இருக்கு. வான் டி வென் இருந்தா மட்டும் நிக்கிற ஒரு டிஃபென்ஸை சிஸ்டம்னு சொல்ல முடியாது. அவரோட தொடை மேல போட்ட பந்தயம் அது.

எங்க உடையுதுன்னு பார்ப்போம். பந்து நம்ம கிட்ட இருக்கறப்ப ஓரத்துல டிஃபென்ஸ் ஆடற ஃபுல்பேக் போர்ரோ, உடோகி ரெண்டு பேரும் உள்ள மிட்ஃபீல்டுக்கு வந்துடுவாங்க. மூணு மிட்ஃபீல்டர்ல ரெண்டு பேர் பெட்டி பக்கம் மேல போயிடுவாங்க. பின்னாடி ரெண்டு சென்டர்பேக், அவங்களுக்கு முன்னாடி ஒத்தை ஆளு, அது பிஸ்ஸூமாவோ பென்டன்கூரோ. பந்து போச்சுன்னா எதிராளிக்கு முதல் பாஸ் போட வேண்டிய இடம் எப்பவும் ஒண்ணுதான்: ஃபுல்பேக் விட்டுட்டு வந்த ஓரம். சென்டர்பேக் அந்த ஓரத்துக்கு இழுபட்டா நடு காலி. இது ஏதோ ரகசியம் இல்ல. 2023 நவம்பர்ல செல்சியோட ஒன்பது பேரா நின்னு பாதி மைதானம் வரைக்கும் டிஃபென்ஸ் லைனை மேல ஏத்தி 1-4 தோத்தப்பவே லீக் முழுக்கப் பார்த்துட்டாங்க. அதுக்கு முன்னாடி பத்து மேட்ச்ல 26 புள்ளி எடுத்து முதலிடத்துல இருந்தோம். அந்த சீசன் முடியறப்ப 66 புள்ளி, அஞ்சாம் இடம், வாங்கின கோல் 61. இந்த வருஷம் 65. காயம் இல்லாத மாசங்களையும் சேர்த்துத்தான் அந்த 61ஐப் பார்க்கணும்.

இன்னொண்ணு, கோல் கிக். விகாரியோவுக்குப் பதிலா ஃபார்ஸ்டர் கீப்பரா நின்ன காலத்துலயும் சின்ன பாஸ்தான் போட்டோம். லீக் கப்புல யுனைடெட்டுக்கு எதிரா 3-0 முன்னாடி இருந்து 3-2 ஆனது அவர் கால்ல பந்தை வெச்சு செஞ்ச ரெண்டு தப்பால. சன் கார்னர்லயே நேரா கோல் அடிச்சதால 4-3ன்னு தப்பிச்சோம். கீப்பர் மாறினா கோல் கிக்கும் மாறணும், அவ்வளவுதான். அடிப்படைப் பாடம்.

இப்ப யூரோப்பாவுக்கு வாங்க. காலிறுதி ஃபிராங்க்ஃபர்ட்ல 1-0, அரையிறுதி போடோல 2-0, ஃபைனல் பில்பாவோல 1-0. மூணும் வெளியூர் அல்லது பொது மைதானம், மூணுலயும் ஒரு கோல்கூட வாங்கல. என்ன மாத்தினார்னு கவனிச்சீங்களா?

ஃபைனல்ல போர்ரோவும் உடோகியும் பெரும்பாலும் ஓரத்துலயே நின்னாங்க. விகாரியோ நீளமா அடிச்சார். நடுவுல சார், பிஸ்ஸூமா, பென்டன்கூர்னு மூணு பேருமே ஓடி அடைக்கற ஆளுங்க. மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெரிவால் மூணு பேரும் காயம்ங்கறதால வேற வழியும் இல்ல. இடது பக்கம் சன்னை உட்கார வெச்சு ரிச்சார்லிசன். காரணம் அலங்காரம் இல்ல. தலையால நீளப் பந்தை எடுக்கறதும், யுனைடெட்டோட அமாடு பக்கம் திரும்பி ஓடி அடைக்கறதும்தான். சார் இடதுல இருந்து கிராஸ், 42ஆம் நிமிஷம் ஜான்சன் கோல். அப்புறம் கடைசியில ஜான்சனை எடுத்துட்டு டான்சோவை இறக்கி அஞ்சு பேர் டிஃபென்ஸ். பந்து முக்கால் பங்கு நேரம் யுனைடெட் கால்ல. ஹொய்லுண்ட் தலையால தள்ளினதை வான் டி வென் கோட்டுல இருந்து அந்தரத்துல உதைச்சு எடுத்தாரே, அந்த ஒண்ணைத் தவிர பெருசா மூச்சு முட்டல.

ஆக அவருக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சும் லீக்குல செய்யலங்கறதுதான் என் புகார். எவர்ட்டன் கிட்ட இடைவேளைக்கே 3-0 வாங்கின ஜனவரியில, ரொமேரோ, வான் டி வென் ரெண்டு பேரும் இல்லாதப்ப, லைனைப் பதினஞ்சு மீட்டர் பின்னாடி இழுத்திருந்தா பேரு கெட்டா போயிருக்கும்?

மார்ட்டின்_லேன்
26 மே, இரவு

நடுநிலையாக ஒரு கணக்கு. சீசனில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. சவுத்தாம்ப்டன் 5-0க்கும் பிரென்ட்ஃபோர்ட் 2-0க்கும் நடுவில் ஏழு லீக் ஆட்டங்கள், ஒரே புள்ளி (வுல்வ்ஸ் 2-2). ஏப்ரல் 6க்குப் பிறகு கடைசி ஏழு ஆட்டங்கள், மறுபடியும் ஒரே புள்ளி (வெஸ்ட் ஹாம் 1-1). 14 ஆட்டத்தில் 2 புள்ளி. மீதி 24 ஆட்டத்தில் 36. அந்த வேகத்திலேயே 38 ஆடியிருந்தால் 57, அதாவது ஒன்பதாம் இடம்.

கடைசி ஏழு ஆட்டங்களை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். சவுத்தாம்ப்டன் ஏற்கெனவே கீழ் டிவிஷனுக்கு இறங்கியாயிற்று, லெஸ்டரும் இப்ஸ்விச்சும் எட்டாத தூரத்தில், முன்னே யூரோப்பா காலிறுதி, அரையிறுதி, இறுதி. யாராக இருந்தாலும் முக்கியமான கால்களை வியாழக்கிழமைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். யுனைடெட்டும் அதையே செய்து 15ஆம் இடத்தில்தான் முடித்தது.

ஆனால் முதல் பள்ளத்தின் ஏழு ஆட்டங்களுக்கு ஆஞ்சிதான் பதில் சொல்ல வேண்டும். ஆறுமுகம் கேட்ட கேள்வியும் அதுதானே.

சேவற்கொடியோன்
27 மே, காலை

மார்ட்டின், மோசமான பகுதியை வெட்டிவிட்டுப் பார்த்தால் எந்த அணியும் ஒன்பதாம் இடம் வரும். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பு சாது என்பது போல இருக்கிறது. தவிர, 57 புள்ளியும் போன வருஷத்தின் 66ஐ விட ஒன்பது குறைவு.

எனக்கு ஒரு சந்தேகம். யூரோப்பாவில் நெருக்கமான மேட்ச் எத்தனை? கணக்குப்பிள்ளை சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை
27 மே, காலை

ஒரு கோலில் ஜெயித்தது ஐந்து: ஃபெரன்ஸ்வாரோஸ் 2-1, ஏஇசட் 1-0, ஹாஃபன்ஹைம் 3-2, ஃபிராங்க்ஃபர்ட் 1-0, ஃபைனல். தோற்றது இரண்டு: கலாட்டசராய் 2-3, ஏஇசட் 0-1. டிரா மூன்று: ரோமா, ரேஞ்சர்ஸ், ஃபிராங்க்ஃபர்ட் முதல் மேட்ச். லீக்கில் 1-5-15, யூரோப்பாவில் 5-3-2. அதே கோச், அதே ஆட்கள்.

எதிராளிகளின் தரம் வேறு என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யுனைடெட்டை மட்டும் நாலு தடவை சந்தித்து நாலும் ஜெயித்தோம்: 3-0, 4-3, 1-0, 1-0. முதல் இரண்டு ஆஞ்சி பாணி, கடைசி இரண்டு வேறு பாணி. மாற்றம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய_வெள்ளைச்சட்டை
27 மே, மதியம்

தம்பிகளா, நன்றியை ஒரு கையில் வையுங்கள், முடிவை இன்னொரு கையில் வையுங்கள். கோப்பைக்காக அவருக்குச் சிலை வைத்தாலும் எனக்குச் சம்மதம். அடுத்த சீசனை அவரிடம் கொடுக்கச் சம்மதமில்லை.

காரணம் சொல்கிறேன். சாம்பியன்ஸ் லீக் கட்டமும் எட்டு மேட்ச்தான், ஆனால் எதிரே நிற்பது எல்ஃப்ஸ்போர்க் அல்ல. லீக்கோடு சேர்த்தால் மறுபடி ஐம்பது மேட்சுக்குக் குறையாது. வாராவாரம் எதிராளியைப் பார்த்து முறையை மாற்றுகிற ஆள் வேண்டும். நாக்கவுட் மேட்சில் மட்டும் மாற்றுவேன், லீக்கில் என் வழி தனி என்றால் செப்டம்பரிலேயே மறுபடி மூட்டை கட்ட வேண்டி வரும். சொந்த மைதானத்தில் 19இல் 10 தோல்வி. இப்ஸ்விச்சும் லெஸ்டரும் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு மேட்சிலும் நம்மிடம் பந்து இருந்தது, திட்டம் இல்லை.

செய்தித்தாள்களில் அடிபடும் பெயர்களில் பிரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃபிராங்க் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறார். ஸ்ட்ரைக்கர் டோனியை விற்ற பிறகும் பிரென்ட்ஃபோர்ட் 66 கோல் அடித்து 56 புள்ளி எடுத்தது, பத்தாம் இடம். பெரிய அணி வந்தால் ஐந்து பேர் டிஃபென்ஸ், மற்ற நாளில் நாலு. கார்னர், ஃப்ரீகிக், த்ரோ எல்லாவற்றிலும் வேலை செய்திருப்பார்கள். குறை இல்லாமலில்லை: பிரென்ட்ஃபோர்டோடு அவர் ஐரோப்பியப் போட்டி ஆடியதில்லை. வியாழன், ஞாயிறு என்று மாறி மாறி ஆடும் சுமை அவருக்கு அங்கே இருந்ததில்லை. போர்ன்மவுத்தின் இராவோலா பெயரும் வருகிறது. அவரும் ஓடி அமுக்குகிற பாணிதான், நம்மவர்களின் தொடைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பொடியன்_N17
27 மே, மாலை

ஐயா, ஃபிராங்க் வந்தாலும் ஆட்கள் இதே ஆட்கள்தான். ரொமேரோ, வான் டி வென், டான்சோ மூண்டு பேர். ட்ரகுசின் முழங்கால் தேறக் கன மாதம் எடுக்கும். டேவிஸுக்கு வயசு போகுது. 50 மட்சுக்கு ஐந்து சென்டர்பேக் தேவை, அதில ஒருத்தராவது வேகக்காரனா இருக்க வேணும். லைன் மேல நிக்கிறதோ கீழ நிக்கிறதோ எண்டதுக்கு முதல் இந்தச் சாமான் வாங்குற வேலையை முடிக்க வேணும். போன ஆண்டு சொலாங்கியை விட்டால் கிரே, பெரிவால், ஓடோபேர் எண்டு எல்லாம் சின்னப் பொடியள். ஜனவரி வரைக்கும் ஒரு மூத்த சென்டர்பேக் கூட வாங்கேல்லை. டான்சோ வந்ததே முழு டிஃபென்ஸும் படுத்த பிறகுதான். அந்தப் பழியை முழுக்க ஆஞ்சியின்ர தலையில கட்டாதேங்கோ.

ஹைலைன்_ஆறுமுகம்
27 மே, மாலை

அந்தப் பழி போர்டு மேலதான், அதுல சண்டை இல்ல. ஆனா கடைல கறி இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கும் பிரியாணிதான் செய்வேன்னு அடம் பிடிச்சது சமையல்காரர்.

என் ஓட்டு: இருக்கட்டும், நிபந்தனையோட. ஃபுல்பேக்குல ஒருத்தர் மட்டும் உள்ள வரணும், இன்னொருத்தர் பின்னாடி மூணாவது ஆளா நிக்கணும். முன்னிலைல 70 நிமிஷம் தாண்டினா சார், பென்டன்கூர் ரெண்டு பேரும் சேர்ந்து நடுவுல நிக்கணும். வான் டி வென் வாரத்துக்கு ஒரு மேட்ச், அதுக்கு மேல கிடையாது. இந்த மூணையும் ஆகஸ்ட்லயே செய்யலன்னா அக்டோபர்ல நானே பழைய வெள்ளைச்சட்டை பக்கம் வந்து நிப்பேன்.

மார்ட்டின்_லேன்
27 மே, இரவு

யாராக இருந்தாலும் சீக்கிரம் முடிவு செய்வது நல்லது. நாட்காட்டியைப் பாருங்கள். ஜூனில் பாதிப் பேர் நாட்டு அணிகளுக்குப் போகிறார்கள், திரும்பி வந்து மூன்று வாரமாவது ஓய்வு வேண்டும். ஜூலை 31 ஹாங்காங்கில் ஆர்சனல், ஆகஸ்ட் 3 சியோலில் நியூகாசில். மே 31 மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஆடும் பிஎஸ்ஜி, இன்டர் இரண்டில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களோடு ஆகஸ்ட் 13 உடினேவில் சூப்பர் கப். சியோலிலிருந்து உடினேவுக்குப் பத்தே நாள், அதில் பயணக் களைப்பு தீரவே இரண்டு மூன்று நாள் போய்விடும். புது கோச் என்றால் முழு அணியோடு பயிற்சி செய்ய அவருக்குக் கிடைப்பது ஜூலையில் மூன்று வாரம்.

சேவற்கொடியோன்
28 மே, காலை

மூன்று வாரத்தில் புது டிஃபென்ஸ் கட்ட முடியாது, ஆனால் கார்னர் பயிற்சி கொடுக்கலாம். செப்டம்பரில் கேப்ரியல் தலையால் அடித்து ஆர்சனல் நம் மைதானத்தில் 1-0 ஜெயித்தது ஒரு கார்னரில்தான். அந்த வேலையை யார் வந்தாலும் முதல் நாளே ஆரம்பிக்கலாம். திரியைத் திறந்தே வைக்கிறேன், அறிவிப்பு வந்ததும் தொடர்வோம்.